தறிச் சத்தத்தில் ஒரு பியானோ

'பிளாக் மெட்டல்' என்றால் என்ன என்று எங்கள் சேலத்துக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கஞ்சமலைப் பக்கம் கையைக் காட்டுவார். அங்கே மாக்னடைட் என்கிற இரும்புத் தாது இருக்கிறது. நிறம் கறுப்பு. இரும்பும் மெட்டல்தான். ஆக, விடை சரி. முழு மார்க் போடலாம்.

நான் இந்த வாரம் சொல்ல வந்த பிளாக் மெட்டல் வேறே. அது ஒரு சங்கீதம். 'சங்கீதம்' என்ற வார்த்தையை அதற்குத் தர மனசு வரவில்லையா? பரவாயில்லை, 'ஒரு சத்தம்' என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பெயரைப் பற்றிக் கடைசியில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

சமையல் குறிப்பு மாதிரியே சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை எடுத்து, சத்தம் கரகரவென்று உடைகிற அளவுக்கு முடுக்கிக்கொள்ளவும். ஒரே தந்தியை, சல்லடையில் மாவு சலிக்கிற வேகத்தில், மூச்சு விடாமல் மீட்டவும். டிரம்ஸ்காரர் இரண்டு கை, இரண்டு கால் நாலையும் ஒரே சமயத்தில் ஓட்டவும். இதற்கு 'பிளாஸ்ட் பீட்' என்று பெயர். பாடுகிறவர் பாட வேண்டாம், அலறினால் போதும். எல்லாவற்றையும் ஒரு மட்டமான மைக்கில் பதிவு செய்யவும். பிளாக் மெட்டல் ரெடி.

பெயர் வந்தது 1982-ல். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த 'வெனம்' என்ற குழு தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் அது. பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வே நாட்டுப் பையன்கள் அதைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். நார்வே என்றால் குளிர், காடு, மாசக்கணக்கில் இருட்டு. அந்தச் சூழ்நிலையில் ஒரு புது ருசி சேர்ந்தது. அலறலுக்கு நடுவே திடீரென்று எல்லாம் அடங்கிவிடும். காற்று வீசும். யாரோ காட்டில் நடக்கிற காலடி கேட்கும். ஒரு பியானோ, துளித் துளியாக, அழுதுவிட்டு மூக்கை உறிஞ்சுகிற குழந்தை மாதிரி நாலு ஸ்வரம் வாசிக்கும். அப்புறம் மறுபடியும் புயல்.

'உல்வர்' என்ற நார்வே குழுவின் 'பெர்க்டாட்' (1995) என்ற ஆல்பத்தைக் கேட்டால் நான் சொல்வது புரியும். புல்லாங்குழல் உண்டு, பியானோ உண்டு, காட்டுக் காலடி உண்டு, அலறலும் உண்டு. கன்யாகுமரிக் கடலைப் பார்த்துக்கொண்டே கல் குவாரியில் நிற்கிற மாதிரி இருக்கும்.

'இதையெல்லாம் எவன் சார் கேட்பான்?' என்கிறீர்கள். கேட்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன்னால், பியானோவுக்கும் இந்தச் 'சூழல் இசை'க்கும் ஒரு பாரா ஒதுக்கிவிடுகிறேன்.

* * *

பியானோ நமக்குப் புதுசில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பணக்கார வீடு என்று காட்ட இரண்டு பொருள் போதும். ஒன்று வளைந்த மாடிப்படி. இன்னொன்று ஹாலில் பியானோ. கதாநாயகிக்குப் பிறந்தநாள் விழா நடக்கும். கதாநாயகன் கோட்டு சூட்டில் வந்து உட்கார்ந்து, 'நீ நன்றாக இரு, நான் நாசமாகப் போகிறேன்' என்கிற பொருளில் ஒரு பாட்டு பாடுவான். ஆக, பியானோ என்றால் சோகம் என்பது தமிழனுக்கு ஏற்கெனவே பாலபாடம்.

ஏன் சோகம்? அது அந்த வாத்தியத்தின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. 1700-ஐ ஒட்டி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்பவர் செய்த இந்தப் பெட்டியில், கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விலகிக்கொள்ளும். அவ்வளவுதான். அந்தக் கணத்திலிருந்து ஸ்வரம் தேய ஆரம்பித்துவிடும். நாதஸ்வரம் மாதிரி ஊதி நீட்ட முடியாது. வீணை மாதிரி இழுத்து அடுத்த ஸ்வரத்தோடு ஒட்டவும் முடியாது. கமகம் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகப் பிறந்து தனியாகச் செத்துப்போகிறது. வேகமாக வாசித்தால் இது தெரியாது. மெதுவாக வாசித்தால் தெரிந்துவிடும்.

இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் எரிக் சத்தி என்ற பிரெஞ்சுக்காரர். 1888-ல் 'ஜிம்னோபெடி' என்று மூன்று சின்னப் பியானோ உருப்படிகள் எழுதினார். அதே ஆள் பிற்பாடு 'மேஜை நாற்காலி இசை' என்று ஒரு சங்கதி கண்டுபிடித்தார். மேஜை நாற்காலி மாதிரி அது அறையில் கிடக்க வேண்டுமாம், யாரும் கவனிக்கக் கூடாதாம். 1920-ல் பாரிசில் இடைவேளையில் அதை வாசிக்கச் செய்தபோது ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சத்தி பதறிப்போய், 'பேசுங்க, நடங்க, கேட்காதீங்க!' என்று சுற்றிச் சுற்றி வந்தாராம். பாவம், பிரான்சில் பிறந்துவிட்டார். சேலத்துக் கல்யாண மண்டபம் எதிலாவது ரிசப்ஷன் கச்சேரி வைத்திருந்தால் அவர் லட்சியம் முதல் நாளே நிறைவேறியிருக்கும். மேடையில் பாடுகிறவரைத் தவிர ஒருத்தர் காதும் அங்கே இருக்காது. எல்லாம் பந்தியில் இருக்கும்.

இன்னொரு கதை பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்துக்காரருடையது. 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறார். பார்க்க வந்த சிநேகிதி ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கஷ்டப்பட்டு எழுந்து அதைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அப்புறம் பார்த்தால் சத்தம் மிகக் குறைவு. மறுபடி எழுந்து போக உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்குள் ஹார்ப் அங்கங்கே ஒரு சொட்டு, அங்கங்கே ஒரு சொட்டு. 'அட, இதுவே நன்றாக இருக்கிறதே!' என்று தோன்றிய அந்த நிமிஷத்திலிருந்துதான் தன் 'ஆம்பியன்ட்' இசைக்கு வழி பிறந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1978-ல் விமான நிலையங்களுக்காகவே ஒரு ஆல்பம் செய்தார்.

சத்தியின் பியானோ, ஈனோவின் மழை, நார்வேயின் அலறல். மூன்றும் ஒரே பாத்திரத்தில். இதுதான் நம் ஐட்டம்.

* * *

இப்போது 'எவன் கேட்பான்' என்ற கேள்வி. என் அக்கா மகன் கேட்பான்.

அக்கா வீடு பள்ளிபாளையம் பக்கம். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு தறிப்பட்டறை. விசைத்தறி ஒன்று நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளும். எட்டுத் தறி ஒரே கூரையின் கீழ் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச முடியாது. சைகைதான். வெளியூர் மாப்பிள்ளைகள் முதல் ராத்திரி தூங்க மாட்டார்கள் (தறிச் சத்தத்தால் என்று நினைத்துக்கொள்ளவும்). அந்த ஊர்க் குழந்தைகளோ அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். கரன்ட் போய்த் தறி நின்றால் எழுந்து அழும்.

அக்கா வீட்டுக்காரர் எட்டுத் தறி வைத்திருந்தார். சில வருஷங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். பையனுக்கு அப்போது இருபத்து மூன்று வயசு, பெங்களூரில் வேலை. வந்தான், கொள்ளி வைத்தான், மொட்டை போட்டுக்கொண்டான், கணக்கு வழக்கு பார்த்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. 'பையன் தைரியசாலி' என்று ஊரே மெச்சியது. தறியை எடுத்து நடத்த ஆளில்லை. கருமாதி முடிந்து மூன்றாம் மாதம் எட்டுத் தறியையும் எடைக்குப் போட்டார்கள். அப்பா முப்பது வருஷம் ஓட்டிய தறி, கிலோ கணக்கில் லாரி ஏறியது.

அப்புறம்தான் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"டேய் தம்பி, இவன் ஊருக்கு வந்தா ராத்திரியெல்லாம் காதுல அத மாட்டிக்கிட்டுக் கெடக்கறான்டா. ஒரு நாள் நான் வாங்கிக் கேட்டுப் பாத்தேன். பேய் கத்தறாப்பல இருக்குது. மந்திரிச்சு விட்டுரலாமா?"

மந்திரிப்பது கடைசி ஆயுதம், நான் வந்து பார்க்கிறேன் என்று போனேன். மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கத்து ஹெட்போனை எனக்குத் தந்தான். முதல் நிமிஷம் எனக்கும் அக்கா கட்சிதான். ஐந்தாவது நிமிஷம் அந்தச் சத்தம் எங்கோ பழகிய மாதிரி இருந்தது. ஒரே வேகம், ஒரே சீர், இடைவெளியில்லாத டடக்டடக்டடக்.

"தறி ஓடற மாதிரி இருக்குதேடா" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்குத்தானுங்க மாமா கேக்கறேன். வீடு இப்ப சத்தமே இல்லாம கெடக்குது, தூக்கம் வர மாட்டேங்குது" என்றான். "இதுல ஒருத்தன் எனக்குப் பதிலா கத்திக்கறான். நான் சும்மா இருந்தாப் போதும். அப்புறம் சத்தமெல்லாம் நின்னுட்டு ஒரு பியானோ வருமுங்க மாமா. அப்பத்தான்..."

அப்பத்தான் என்ன என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டறையில் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றால் ஒரு அமைதி வருமே, அது எனக்கும் தெரியும்.

மந்திரிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

* * *

யோசித்துப் பார்த்தால், துக்கத்துக்கு நம்மிடம் ஒரு முழு ஏற்பாடு இருந்தது. பெண்களுக்கு ஒப்பாரி. கட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, செத்தவர் பெருமையும் தன் தலைவிதியும் கலந்து பாட்டாகவே கொட்டிவிடலாம். வாசலில் தப்பட்டை. அடித்தவர்களுக்கு அது சாதி சுமத்திய கட்டாயமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் வீட்டுக்காரனுக்கு ஒரு திரை போட்டுக் கொடுத்தது. அந்த அதிர்வில் யார் அழுகிறார், யார் அழவில்லை என்று யாருக்கும் தெரியாது.

ஆம்பிளைக்குக் கிடைத்த இடம் அந்தத் திரைக்குப் பின்னால் மட்டும்தான். 'ஆம்பிளை அழக் கூடாது' என்பதை நமக்கு அ, ஆ-வுக்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது அந்தத் திரையும் போச்சு. ஃப்ரீஸர் பெட்டி, வாட்ஸ்அப்பில் கண்ணீர் அஞ்சலி, மின்மயானத்தில் அரை மணி. மூன்று நாள் லீவு. நாலாம் நாள் ஆபீஸ் போனால் மேனேஜர் தோளைத் தட்டி, 'வெரி சாரிப்பா' என்பார். அதே மூச்சில், 'அந்த மார்ச் ஸ்டேட்மென்ட்?' என்பார். அவர் பேரில் தப்பில்லை. அவர் அப்பா போனபோதும் யாரோ அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

இந்த இளைஞர்கள் தங்களுக்கு ஒரு திரையைக் காதுக்குள் மாட்டிக்கொண்டால் அதில் பேய் எங்கே வந்தது?

வலியையும் இதத்தையும் ஒன்றாகப் பிசைவது நார்வேக்காரன் கண்டுபிடிப்பும் இல்லை. நாமக்கல் பக்கம் வாருங்கள். கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த மலையின் பெயரிலேயே தேவாரத்தில் ஒரு பண் இருக்கிறது, கொல்லிப் பண். அப்பர் சூலை நோயில் வயிறு முறுக்கித் துடித்துக்கொண்டு திருவதிகையில் பாடிய முதல் பதிகம் இந்தப் பண்ணில்தான். வலி தாங்காமல் கடவுளிடம் முறையிடுகிற பாட்டு. ஓதுவார்கள் கொல்லிப் பண்ணைப் பாடுவது நவரோஜ் ராகத்தில். நவரோஜ் எப்படிப்பட்ட ராகம் தெரியுமோ? சங்கராபரணத்தில் பிறந்தது, இதமானது, தாலாட்டுக்கு எடுப்பது. குடலைப் பிடுங்குகிற வலியைத் தாலாட்டு ராகத்தில் பாடியிருக்கிறார்கள்! அலறலுக்கு நடுவே பியானோ வைத்தவன் செய்ததும் அதைத்தானே?

அதே மலையில்தான் கொல்லிப்பாவை. சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற பதுமை. தெய்வம் செய்தது, காற்றோ மழையோ இடியோ எதுவும் அதன் அழகைக் கெடுக்காது என்பார்கள். பின்னால் வந்த கதையில் அது சிரித்தே ஆளைக் கொல்லும். அழகும் பயங்கரமும் ஒரே முகத்தில். ஒரு பிளாக் மெட்டல் ஆல்பத்துக்கு இதைவிட நல்ல அட்டைப்படம் ஒஸ்லோவில் கிடைக்காது.

* * *

'அப்போ எல்லாம் நல்லது என்கிறீரா?' இல்லை சார். இந்தச் சங்கீதத்துக்கு ஒரு அசிங்கமான பக்கமும் உண்டு. அதை மறைத்தால் அக்காவுக்குத் துரோகம்.

1992 ஜூனில் நார்வேயின் பெர்கன் நகருக்குப் பக்கத்தில் ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு இன்னும் சில. பிளாக் மெட்டல் வட்டத்துப் பையன்கள் பலர் சிறைக்குப் போனார்கள். 1993 ஆகஸ்டில் 'மேஹெம்' குழுவின் கிட்டார்காரர் யூரோனிமஸை, 'பர்சும்' என்ற பெயரில் தனி ஆளாக ஆல்பம் செய்துவந்த வர்க் விகெர்னெஸ் குத்திக் கொன்றார். 21 வருஷ தண்டனை. 2009-ல் வெளியே வந்தார். இன வெறிப் பேச்சும் அவரிடம் உண்டு. அந்த ஆள் 1993-ல் பதிவு செய்து 1996-ல் வெளிவந்த 'ஃபிலோசோஃபெம்', இந்தச் சூழல் வகைக்கே ஒரு முன்மாதிரி. இருப்பதிலேயே மட்டமான மைக் கொடு என்று கேட்டு வாங்கி அதில் கத்தியிருக்கிறார். அலறலே இல்லாமல் 25 நிமிஷத்துக்கு நீள்கிற ஒரு ஆம்பியன்ட் உருப்படியும் அதில் உண்டு. கேட்கலாமா கூடாதா என்பது அவரவர் மனசாட்சி. செய்தது யார் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நல்லவேளை, சங்கீதம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2013-ல் சான் ஃப்ரான்சிஸ்கோவின் 'டெஃப்ஹெவன்' குழு 'சன்பேதர்' என்று ஒரு ஆல்பம் போட்டது. அட்டை என்ன நிறம் தெரியுமா? ரோஸ்! பிளாக் மெட்டலுக்கு ரோஸ் அட்டையா என்று பழைய பக்தர்கள் பட்ட வேதனை இருக்கிறதே, ஐயப்ப பக்தர் மாலையோடு பிரியாணிக் கடையில் உட்கார்ந்ததைப் பார்த்த மாதிரி. ஆனால் அதில் கிட்டாரும் பியானோவும் மட்டும் வருகிற ஒரு சின்ன இடம் இருக்கிறது. அக்காவுக்கே பிடிக்கும்.

நம்மவர்களும் சும்மா இல்லை. சிங்கப்பூரில் 1992-லேயே 'ருத்ரா' என்ற குழு கிளம்பியது. கதிர், சிவா, பாலா என்று பெயர்களைப் பார்த்தாலே சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும். மந்திரமும் வேதாந்தமும் வைத்து 'வேத மெட்டல்' என்று தங்கள் இசைக்குப் பெயர் வைத்தார்கள். 2005, 2009, 2011 என்று மூன்று ஆல்பமாகப் பிரம்மவித்யை பேசினார்கள். அலறிக்கொண்டே அத்வைதம்! மும்பையில் 2000-ல் தொடங்கிய 'டெமானிக் ரிசரக்‌ஷன்' கீபோர்டைக் கலந்தது. சென்னையிலிருந்தே 'டயபோலஸ் அர்கானியம்' என்ற குழு வாத்தியக் கோஷ்டி பாணி பிளாக் மெட்டலில் 2014-ல் ஆல்பம் போட்டது.

இதைக் கேட்டால் பையன்கள் முரடாகிவிடுவார்களா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஒரு சோதனை செய்தார்கள். இந்த மாதிரி சங்கீதத்தையே விரும்பிக் கேட்கிற, 18 முதல் 34 வயசு வரையுள்ள 39 பேர். முதலில் அவர்களுக்குக் கோபம் வருகிற விஷயங்களைப் பேச வைத்தார்கள். பிறகு பாதிப் பேருக்கு அவர்கள் பாட்டு 10 நிமிஷம், மீதிப் பேருக்கு மௌனம். பாட்டுக் கேட்டவர்களுக்குக் கோபம் ஏறவில்லை. சும்மா உட்கார்ந்தவர்களுக்குத் தணிந்த மாதிரியே தணிந்தது, கூடவே கொஞ்சம் உற்சாகமும் வந்தது. 39 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மந்திரிப்பதை ஒத்திப் போடப் போதும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒன்று, காது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதற்கு மேல் காதுக்கு ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். தறியில் முப்பது வருஷம் நின்றவர்களிடம் இரண்டு தடவை கத்திப் பேச வேண்டியிருப்பது ஏன் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு, மனசு. பாட்டு முடிந்ததும் எழுந்து சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான் என்றால் அது மருந்து. நாள்கணக்காகச் சாப்பாடு, தூக்கம், பேச்சு மூன்றும் இல்லாமல், 'எதுக்கு இருக்கணும்' என்ற பேச்சும் வந்தால், அங்கே பாட்டு போதாது, டாக்டர் வேண்டும். 14416 என்ற மத்திய அரசின் மனநல எண்ணுக்குக் காசு இல்லாமல் பேசலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. பல்வலிக்குப் போவதில்லையா?

* * *

கடைசியாக ஒரு விண்ணப்பம். எங்கள் சேலம், நாமக்கல் பையன்கள் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். போர்வெல் வண்டியை எடுத்துக்கொண்டு இந்தியா பூராவும் குழாய் இறக்குகிறார்கள். இதையும் ஒரு கை பார்க்கலாமே? நார்வேக்காரனிடம் பனியும் காடும் இருந்தால், நம்மிடம் சரக்கு குறைவா? ராத்திரி இரண்டு மணிக்கு சங்ககிரி பைபாஸில் தூரத்துக்குப் போகிற லாரியின் ஹாரன். நட்டநடுக் காட்டில் போர் போடுகிற ரிக் வண்டியின் உறுமல். கொல்லிமலை ஆகாயகங்கையில் தண்ணீர் விழுகிற இரைச்சல். நடுவில் எல்லாம் அடங்கி, நவரோஜில் நாலு ஸ்வரம், பியானோவில்.

டிரம்ஸ் வேகத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்துத் தெருத் தறிப்பட்டறையில் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம். கொஞ்சம் சீக்கிரம் போங்கள். எடைக்குப் போடுவதற்குள்.